செப்புத் தகட்டில் பிறந்த திருப்படங்கள்



நம் இல்லங்களில் சுவாமி படம் இல்லாத இல்லம் மிகக் குறைவு. லயத்து வீடானாலும் சரி, தோட்டத்தை விட்டு வெளியேறிக் குடிபுகுந்த அடுக்குமாடி வீடானாலும் சரி, சுவரில் ஓரிடத்தைப் படங்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறோம். ஒரு வீட்டில் முருகப் பெருமான். அடுத்த வீட்டில் மாரியம்மன். அதற்கும் அடுத்த வீட்டில் வேளாங்கண்ணி மாதா. சில வெள்ளி கொடுத்துக் கடையில் வாங்கி வந்த படந்தான். ஆனாலும், அதன் முன் கைகூப்பிய பிறகே பலருக்கு அன்றைய வேலை ஓடுகிறது.

சில வெள்ளிக்கு ஒரு தெய்வப் படம் கிடைப்பது இன்று நமக்கு வியப்பாகத் தோன்றுவதில்லை. ஆனால் உலகத்து ஏழைக் குடும்பங்களுக்கு இந்த வாய்ப்பு நெடுங்காலம் இருந்ததில்லை. ஐரோப்பாக் கண்டத்தையே எடுத்துக் கொள்வோம். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு குடியானவன் மாதாவின் படத்தைப் பார்க்க வேண்டுமானால் தேவாலயத்துக்குத்தான் போக வேண்டும். ஓவியன் பல மாதம் உழைத்து எழுதிய படம் ஒன்றே ஒன்றாக இருக்கும். அது மாதா கோயில் சுவரில் இருக்கும். இல்லையேல் பிரபுவின் மாளிகையில் இருக்கும். ஏழையின் குடிசைக்கு அது எப்படி வரும்?

அந்தப் படம் குடிசைக்கு வந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அதை வரச் செய்தது ஒரு கைத்தொழில். செப்புத் தகட்டில் கோடு வெட்டி, அதில் மை நிரப்பி, தாளில் பதிப்பிக்கும் தொழில் அது. செப்புத் தகட்டுச் செதுக்கல் என்று அதனை நாம் அழைக்கலாம்.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்து கொள்வோம். பால்மரக் காட்டின் நிழலில் வளர்ந்த நமக்கு இதைப் புரிந்து கொள்வது கடினமன்று.

படத்தை அச்சிட இரண்டு வழிகள் பழங்காலம் முதல் இருந்து வருகின்றன. பள்ளியில் நம் பிள்ளைகள் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் ஒரு பூவைச் செதுக்கி, வண்ணம் தொட்டுத் தாளில் அழுத்துகிறார்கள் அல்லவா? செதுக்கிய பள்ளத்தில் வண்ணம் படுவதில்லை. மேடாக நிற்கும் பகுதிதான் தாளில் பதிகிறது. மரக்கட்டை அச்சு இந்த வகையைச் சேர்ந்தது. நம் அலுவலகங்களில் பார்க்கும் ரப்பர் முத்திரையும் இதே வகைதான்.

செப்புத் தகட்டு முறை இதற்கு நேர்மாறானது. இங்கே மேடு பதிவதில்லை, பள்ளந்தான் பதிகிறது.

பால் வெட்டும் தொழிலை நினைத்துப் பாருங்கள். மரப்பட்டையில் சாய்வாக ஒரு கோடு வெட்டுகிறோம். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கிறோம். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம் விழுந்துவிடும். வெட்டிய கோட்டில் பால் ஊறி, கோட்டோடு ஓடி வந்து மங்கில் விழுகிறது. கத்தியின் கூரும், கையின் பழக்கமும், கோட்டின் ஆழமும் சேர்ந்துதான் நல்ல வெட்டு.

செப்புத் தகட்டைச் செதுக்குகிறவரும் இப்படியே வேலை செய்கிறார். நன்றாக மெருகேற்றிய செப்புத் தகடு ஒன்று அவர் முன்னே இருக்கும். அதன் கீழே மணல் நிரப்பிய தோல் மெத்தை ஒன்று இருக்கும். அவர் கையில் இருப்பது எஃகினால் ஆன சிறிய உளி. அதன் முனை சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். மறுமுனையில் உள்ளங்கையில் அமரும்படி காளான் வடிவத்தில் ஒரு மரப்பிடி. நாம் பெரும்பாலும் கத்தியை நம் பக்கம் இழுத்துப் பால் வெட்டுகிறோம். அவரோ உளியை முன்னோக்கித் தள்ளுகிறார். உளி செல்லும் வழியில் செம்பு மெல்லிய சுருளாக எழுந்து வரும். பின்னால் ஒரு நுண்ணிய பள்ளம் விழும். வளைந்த கோடு வேண்டுமானால் உளியைத் திருப்புவதில்லை. உளி பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் மெத்தை மேலுள்ள தகட்டையே மெல்லத் திருப்புவார்.

படம் முழுவதும் கோடுகள்தாம். முகத்தில் நிழல் விழ வேண்டிய இடத்தில் கோடுகளை நெருக்கமாக வெட்டுவார். ஒளி விழும் இடத்தில் கோடுகளைத் தள்ளித் தள்ளி வெட்டுவார். இன்னும் கருமை வேண்டுமானால், கோடுகளின் குறுக்கே வேறு கோடுகள். இன்னொன்றையும் கவனியுங்கள். தாளில் பதியும்போது இடம் வலமாக மாறிவிடும். ஆகவே எழுத்துகளை அவர் கண்ணாடியில் தெரிவது போலத் தலைகீழ்ப் பக்கமாகவே வெட்ட வேண்டும்.

வெட்டி முடித்ததும் தகடு முழுவதும் மை பூசுவார்கள். பிறகு துணியாலும் உள்ளங்கையாலும் தகட்டின் மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்து விடுவார்கள். மேலே உள்ள மை போய்விடும். கோட்டுக்குள் இருக்கும் மை தங்கிவிடும். அதன் மேல் ஈரத்தாளை விரித்து, கம்பளத் துணியால் மூடி, இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்து அழுத்துவார்கள். உறைந்த ரப்பர் பாலை உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தகடாக்கும் மெஷினை நம்மில் பலர் சுற்றியிருக்கிறோம். ஏறக்குறைய அதே அமைப்புதான். அந்த அழுத்தத்தில் ஈரத்தாள் கோட்டுக்குள் இறங்கி மையை உறிஞ்சி எடுத்துக்கொண்டு வரும். தாளை உரித்தால் படம் வந்திருக்கும்.

மறுபடியும் மை, மறுபடியும் துடைப்பு, மறுபடியும் தாள். ஒரே தகட்டிலிருந்து சில நூறு நல்ல படங்கள் எடுக்கலாம். கோடுகள் தேய்ந்தால் மீண்டும் வெட்டி ஆழப்படுத்தி, இன்னும் பல படங்கள் எடுக்கலாம். ஒருவர் ஒருமுறை உழைத்ததன் பலன் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேருகிறது.

இங்கே ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் வண்ணப் படங்கள் இந்த முறையில் வந்தவை அல்ல. கேரளத்து ஓவியர் இராஜா இரவிவர்மா, 1894-ஆம் ஆண்டு பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். இலட்சுமி, சரசுவதி முதலிய தெய்வப் படங்களை அங்கே வண்ணத்தில் அச்சிட்டு, எளியவர் வீட்டுக்கும் எட்டச் செய்தார். அது கல்லச்சு முறை. மழமழப்பான கல்லின் மீது எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து அச்சிடுவது. அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனால் திருப்படம் பணக்காரர் மாளிகையோடு நின்றுவிடக் கூடாது என்ற நோக்கம் ஒன்றுதான். அந்த நோக்கத்துக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே பாதை போட்டது செப்புத் தகடு.

நேயர்களே, ஐரோப்பாவில் இதனைத் தொடங்கியவர்கள் பொற்கொல்லர்கள். வெள்ளிப் பாத்திரத்திலும் தங்க நகையிலும் பூவேலை செதுக்கப் பழகிய அவர்களுடைய கைகளே, 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜெர்மானிய மொழி பேசும் ரைன் நதிக்கரைப் பகுதிகளில் தாளில் படம் எடுக்கத் தொடங்கின.

அவர்களுள் ஒருவருடைய பெயர் இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது. தம் படங்கள் சிலவற்றில் 'ஈ', 'எஸ்' என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் அவர் வெட்டி வைத்தார். ஆகவே 'ஈ. எஸ். ஆசான்' என்றே வரலாற்று நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. அவர் வெட்டிய படங்களில் 300-க்கு மேற்பட்டவை இன்றும் கிடைக்கின்றன.

சுவிட்சர்லாந்து நாட்டில் ஐன்சீடெல்ன் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மடத்தின் மாதா கோயில் பெயர் பெற்ற யாத்திரைத் தலம். 1466-ஆம் ஆண்டு அங்கே பெருவிழா நடந்தது. அந்த ஆண்டில் ஈ. எஸ். ஆசான் அத்தலத்து மாதாவின் படத்தை மூன்று தகடுகளில் வெட்டினார். ஒன்று பெரியது; ஒன்று சிறியது; மற்றொன்று அதிலும் சிறியது. ஏன் மூன்று அளவு? தைப்பூசத்தன்று பத்துமலையில் கடை விரிக்கிறவரைக் கேட்டால் உடனே பதில் சொல்லி விடுவார். வருகிறவர் எல்லாருடைய மடியும் ஒரே கனமாக இருப்பதில்லை. கால்நடையாக வந்த ஏழையும் ஒரு சிறு படத்தை மடித்து வைத்துக்கொண்டு ஊர் திரும்பலாம். கோயிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. படத்தைக் கொண்டு போகலாம்.

அவருக்குப் பின் வந்தவர்களில் பெரும்புகழ் பெற்றவர் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர். 1471-இல் பிறந்த இவரும் பொற்கொல்லர் மகனே. இயேசுவின் பாடுகளைச் செப்புத் தகடுகளில் வெட்டி வெளியிட்டார். படங்களை விற்றவர்கள் யார் தெரியுமா? அவருடைய தாயாரும் மனைவியுந்தான். தாயார் உள்ளூர்ச் சந்தையில் விற்றார். மனைவி ஆக்னஸ் பிராங்க்பர்ட் நகரத்துப் பெருஞ்சந்தைக்கே கொண்டுபோய் விற்றார். குடும்பமே சேர்ந்து உழைத்த தொழில் அது.

பிறகு இத்தொழிலின் தலைநகரமாக விளங்கியது ஆண்ட்வெர்ப். இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள துறைமுக நகரம். அங்கே கிறிஸ்டோபர் பிளாந்தின் என்பவர் 1555-ஆம் ஆண்டு முதல் பேரச்சகம் ஒன்றை நடத்தினார். அந்தக் கட்டடம் பழைய அச்சு இயந்திரங்களோடும் செப்புத் தகடுகளோடும் இன்று ஓர் அரும்பொருளகமாக இருக்கிறது.

அந்நகரில் வீரிக்ஸ் என்ற குடும்பத்தில் மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். யோகான், ஹீரோனிமஸ், அந்தோன் என்பன அவர்கள் பெயர்கள். மயிரிழை போன்ற கோடுகளை வெட்டுவதில் அவர்களுக்கு நிகர் இல்லை. மூவரும் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்ட தகடுகளை வெட்டினார்கள். ஆனால் கையில் காசு வந்தால் மதுக்கடைக்குப் போய்விடுவார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, கடனை அடைத்து, அடகு வைத்த கருவிகளையும் மீட்டுக் கொடுத்த பிறகே வேலை வாங்க வேண்டியிருக்கிறது என்று பிளாந்தின் ஒரு கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். நல்ல கைத்தொழிலாளிக்கும் கள்ளுக்கடைக்கும் உள்ள தொடர்பு நம் தோட்டங்களில் மட்டும் இருந்ததன்று போலும்! இந்தச் சகோதரர்கள் வெட்டிய மாதா படங்களும் இயேசு படங்களும் கப்பலேறி உலகத்தின் பாதியைச் சுற்றி வந்தன.

அவர்கள் பங்குபற்றிய ஒரு நூலைச் சொல்ல வேண்டும். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி ஜெரோம் நடால், நற்செய்திக் கதைகளைப் படங்களாக வெளியிடத் திட்டமிட்டார். செலவு மிகுதி. அவர் 1580-இல் காலமான பிறகு, 13 ஆண்டுகள் கழித்து, 1593-இல் ஆண்ட்வெர்ப்பில் அந்நூல் வெளிவந்தது. 153 செப்புத் தகட்டுப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் ஆட்களின் பக்கத்திலும் இடங்களின் பக்கத்திலும் சிறு எழுத்துகள் குறித்திருக்கும். அந்த எழுத்துகளுக்குரிய விளக்கம் படத்தின் கீழே வரிசையாக இருக்கும். இன்று நம் பிள்ளைகளின் அறிவியல் பாடநூலில் பூவின் படத்தைப் போட்டு, அதன் உறுப்புகளுக்கு எழுத்துக் குறியிட்டு விளக்குகிறார்கள் அல்லவா? அதே முறைதான். சீனாவில் பணியாற்றிய மத்தேயோ ரிச்சி என்ற துறவி, சொல்லால் விளக்க இயலாததை இப்படங்கள் மக்கள் கண்முன் நிறுத்துகின்றன என்ற கருத்தை 1605-இல் கடிதத்தில் எழுதினார்.

இத்தகைய படங்கள் இந்தியாவுக்கும் வந்தன. கோவாவிலிருந்து சென்ற இயேசு சபையார் மொகலாயப் பேரரசர் அக்பரின் அவையில் அவற்றைக் காட்டினார்கள். அரசவை ஓவியர்கள் அவற்றைக் கூர்ந்து கற்றார்கள். அபுல் ஹசன் என்ற சிறுவன், டியூரர் 1511-இல் வெட்டிய சிலுவைப் படத்திலிருந்து புனித யோவானின் உருவத்தை மட்டும் எடுத்து, 1600-ஆம் ஆண்டில் வரைந்தான். அப்போது அவனுக்கு வயது 13. அந்த ஓவியம் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்து அரும்பொருளகத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு பொற்கொல்லர் மகன் வெட்டிய கோடுகள், 89 ஆண்டுகள் கழித்து, இந்தியாவில் ஒரு முஸ்லிம் சிறுவனுக்கு ஆசிரியராக அமைந்தன. பின்னாளில் அச்சிறுவன் ஜகாங்கீர் மன்னரின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவனானான்.

அடுத்து, நம் மலாக்காவையும் தொட்டுச் செல்லும் ஒரு வரலாற்றைக் கேளுங்கள்.

மலாக்காவில் செயின்ட் பால் குன்றின் மேல், இடிந்த தேவாலயத்தின் முன்னே, ஒரு துறவியின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் பிரான்சிஸ் சேவியர். தமிழர்கள் சவேரியார் என்று அழைப்பார்கள். முத்துக்குளித்துறையின் தமிழ் மீனவ மக்களிடையே பணியாற்றிவிட்டு, 1545-இல் மலாக்கா வந்தவர். 1547-இல் இங்கே அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். 1549-ஆம் ஆண்டு அவரோடு மலாக்காவிலிருந்து கப்பலேறி ஜப்பானின் ககோஷிமா நகரை அடைந்தார்.

அஞ்சிரோ அப்பகுதியின் பிரபுவைப் பார்க்கச் சென்றபோது, கையில் மாதாவின் படம் ஒன்றைக் கொண்டு சென்றார். பிரபு அதன் முன் மண்டியிட்டார். பிறகு அப்படத்தைப் பிரபுவின் தாயாருக்குக் காட்டினார்கள். அவர் கண்டு மகிழ்ந்தார். சில நாள்கள் கழித்து ஆளனுப்பி, 'இது போல எனக்கும் ஒரு படம் செய்து தர வழி உண்டா?' என்று கேட்டார். ஆனால் அதைச் செய்வதற்குரிய பொருள்கள் அந்த ஊரில் இல்லை. அந்தத் தாயாருக்குப் படம் கிடைக்கவில்லை. சேவியரே இதைத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பிரபுவின் தாயார், செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் கேட்ட படம் கிடைக்கவில்லை. ஏன்? ஒரே படந்தான் இருந்தது. அதைப் பலவாக்கும் கைத்தொழில் அங்கே இல்லை.

காலம் மாறியது. 1583-இல் இத்தாலியரான ஜியோவான்னி நிக்கோலோ என்ற ஓவியத் துறவி ஜப்பான் வந்து சேர்ந்தார். அவர் ஓவியப் பள்ளி நடத்தி, ஜப்பானிய இளைஞர்களுக்கு வண்ண ஓவியமும் செப்புத் தகட்டுச் செதுக்கலும் கற்பித்தார். 1590-இல் ஐரோப்பிய அச்சு இயந்திரம் ஒன்றும் கோவா, மக்காவ் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது.

1597-ஆம் ஆண்டு அப்பள்ளியில் ஒரு தகடு உருவாயிற்று. ஸ்பெயின் நாட்டில் செவில் நகரத் தேவாலயத்தில் 'பழமை மாதா' என்று போற்றப்படும் சுவரோவியம் ஒன்று உண்டு. குழந்தை இயேசுவை ஏந்தி, கையில் ரோஜா மலருடன் நிற்கும் மாதா. சுவரோவியம் கடல் கடந்து வருமா? வராது. ஆனால் அதைப் பார்த்து ஆண்ட்வெர்ப்பில் செப்புத் தகடு வெட்டினார்கள். அந்த அச்சுப்படம் கப்பலில் வந்தது. அதைப் பார்த்து ஜப்பானிய மாணவர் ஒருவர் புதிய தகடு வெட்டினார். ஜப்பானியப் பள்ளியில் செய்தது என்ற குறிப்பையும், 1597 என்ற ஆண்டையும் படத்தின் கீழே பதித்தார். தம் பெயரைப் போட்டுக் கொள்ளவில்லை.

1549-இல் ஒரு தாயார் கேட்டார். முடியாது என்ற பதில் கிடைத்தது. 48 ஆண்டுகளில் அந்நாட்டுப் பிள்ளையின் கையே அதைச் செய்து முடித்தது.

அந்தப் படத்தின் பிரதி ஒன்று சீனாவில் இருந்த ரிச்சியிடம் போயிற்று. மைக்கட்டி செய்து விற்கும் செங் தாயுவே என்ற சீன வணிகருக்கு அவர் அதைக் கொடுத்தார். 1606-ஆம் ஆண்டளவில் செங் வெளியிட்ட நூலில் அது மரக்கட்டை அச்சாக இடம்பெற்றது. செவில் நகரத்துச் சுவரில் இருந்த மாதா, ஆண்ட்வெர்ப் வழியாக ஜப்பானுக்கும், ஜப்பானிலிருந்து சீனாவுக்கும் வந்துவிட்டார். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்க் கை அவருடைய முகத்தில் சிறிது மாற்றம் செய்தது.

ஆனால் அதே 1597-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி, நாகசாகியில் 26 கிறிஸ்தவர்கள் சிலுவையில் அறையப்பட்டார்கள். 1614-இல் அந்நாட்டு ஆட்சியாளர் கிறிஸ்தவ சமயத்தை நாடு முழுவதும் தடை செய்தார். ஓவியப் பள்ளி கலைந்தது. அச்சு இயந்திரம் மக்காவுக்குப் போயிற்று. ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் பலர் மக்காவுக்கும் மணிலாவுக்கும் வெளியேற்றப்பட்டார்கள்.

மறைந்து வாழ்ந்தவர்களைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இயேசுவின் படத்தையோ மாதாவின் படத்தையோ தரையில் வைத்து, ஊர் மக்களை வரிசையாக வந்து மிதிக்கச் சொன்னார்கள். தயங்கியவர் பிடிபட்டார். முதலில் கைப்பற்றிய படங்களையே பயன்படுத்தினார்கள். அவை கால்பட்டுத் தேய்ந்தபோது, 1669-இல் பித்தளையில் 20 படிமங்களை வார்த்தார்கள். கும்பிடுவதற்காகப் பெருக்கிய படத்தை, மிதிப்பதற்காகவும் பெருக்கினார்கள்! நாகசாகியில் இந்த வழக்கம் 1850-களின் இறுதி வரை நீடித்தது. பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக மிதித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுது மன்னிப்பு வேண்டிய குடும்பங்கள் எத்தனையோ!

ஆனாலும் மக்கள் மறக்கவில்லை. இகித்சுகி என்ற தீவில் சில குடும்பங்கள் மாதா படத்தைச் சுருட்டி உள்ளறையில் மறைத்து வைத்தன. படம் மங்கிப் போனால், அதைப் பார்த்து வீட்டாரே புதிதாக ஒன்று வரைந்து கொண்டார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சலவை'. அழுக்கான துணியைத் துவைத்துப் புதிதாக்குவது போல என்று பொருள். ஓவியப் பள்ளி இல்லை. செப்புத் தகடு இல்லை. கற்பிக்க ஆசிரியர் இல்லை. பார்த்து வரைந்த குடியானவர் கைகள் தலைமுறை தலைமுறையாகப் படத்தைக் காப்பாற்றின.

200 ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. வெளிநாட்டவர் வழிபடுவதற்கென்று நாகசாகியின் ஓரா பகுதியில் ஒரு தேவாலயம் எழுந்தது. 1865 மார்ச் 17-ஆம் தேதி, பக்கத்து உரகாமி கிராமத்திலிருந்து சுமார் 15 பேர் அங்கே வந்தார்கள். பெத்தித்ஜான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உள்ளே செபம் செய்துகொண்டிருந்தார். வந்தவர்களில் ஒரு பெண்மணி அவரருகே சென்று, தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, சாந்தா மரியாவின் திருவுருவம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பாதிரியார் திகைத்துப் போனார். இங்கே கிறிஸ்தவர்கள் எவரும் இல்லை என்றுதான் உலகம் எண்ணியிருந்தது.

தடை அப்போதும் நீங்கவில்லை. உரகாமி மக்கள் 3,000-க்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு நாட்டின் பல மூலைகளுக்கு ஓட்டப்பட்டார்கள். பலர் அங்கேயே மாண்டார்கள். 1873-இல்தான் தடைப் பலகைகளை எடுத்தார்கள். எஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள்.

இதற்கிடையில் 1869-இல் அதே பெத்தித்ஜான் மணிலாவுக்குச் சென்றிருந்தபோது பழைய அச்சுப்படம் ஒன்றைக் கண்டெடுத்தார். குழந்தையை ஏந்தி, ரோஜா மலருடன் நிற்கும் மாதா. கீழே 1597 என்ற ஆண்டு. பெயர் சொல்லாத அந்த ஜப்பானிய மாணவர் வெட்டிய படந்தான் அது! அந்தப் படம் நாகசாகிக்குத் திரும்பி வந்து, ஓரா தேவாலயத்தின் பொறுப்பில் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது.

நேயர்களே, எந்தச் சமயத்தவராயினும் நாம் இவ்வரலாற்றில் கருத வேண்டியது ஒன்று உண்டு. படம் தொலைதூரம் சென்றது கப்பலால் என்று சொல்லலாம். பணத்தால் என்றும் சொல்லலாம். ஆனால் சென்ற இடத்தில் அது வேரூன்றியதற்குக் காரணம், அங்கிருந்தவர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டதே. சேவியர் கையில் இருந்த ஒரே படத்தால் அந்தத் தாயாரின் ஆசையை நிறைவேற்ற முடியவில்லை. நிக்கோலோ கொடுத்த பயிற்சியால், ஜப்பானிய இளைஞர் தாமே தகடு வெட்டினார். பயிற்சிப் பள்ளியும் போன பிறகு, தீவில் இருந்த குடும்பங்கள் பார்த்துப் பார்த்து வரைந்தன. வாங்கிய பொருள் தேய்ந்து போகும். கற்ற கை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும்.

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தபோது மூட்டையில் கொண்டு வந்தவை மிகக் குறைவு. தோட்டத்துக் கோயில்களை அவர்கள் முதலில் மரத்தடியில் ஒரு கல்லை நட்டுத்தான் தொடங்கினார்கள். கோலம் போடுவதும், பூத் தொடுப்பதும், காவடி கட்டுவதும், மேளம் வாசிப்பதும் அவர்கள் கையோடு வந்தவை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. கோயில்கள் பல இடம் பெயர்ந்தன. ஆனால் காவடி கட்டக் கற்றவர் எந்தத் தாமானில் குடியேறினாலும் அங்கே காவடி எழுகிறது.

ஆகவே பெற்றோரை ஒன்று கேட்டுக் கொள்கிறோம். உங்கள் பிள்ளை ஒரு படத்தைப் பார்த்துப் படம் வரைந்தால், பாடத்தை விட்டுவிட்டு என்ன கிறுக்குகிறாய் என்று அதட்டாதீர்கள். அபுல் ஹசனும் 13 வயதில் அதைத்தான் செய்தான். ஒரு பென்சிலும் தாளும் கொடுங்கள். நிழல் விழும் இடத்தில் கோட்டை நெருக்கமாகப் போடு, ஒளி விழும் இடத்தில் தள்ளிப் போடு என்று சொல்லிக் கொடுங்கள். உங்களுக்குக் கோலம் போடத் தெரியுமானால், பூத் தொடுக்கத் தெரியுமானால், அதையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குங்கள்.

ஈ. எஸ். ஆசானின் முழுப் பெயர் வரலாற்றில் இல்லை. 1597-இல் தகடு வெட்டிய மாணவரின் பெயரும் இல்லை. அவர்கள் வெட்டிய கோடுகள் இருக்கின்றன. பல நூறு ஆண்டுகள் கடந்து, பல நாட்டு மக்கள் அவற்றின் முன்னே நின்று பார்க்கிறார்கள்.